மூன்றாவது பெயர்

துரைராஜா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு சைக்கிளைப் பற்றிய பேச்சில்.

1990ஆம் ஆண்டு. ஜூன் மாதம் போர் மறுபடி மூண்டு, யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமும் பெற்றோலும் நின்றுபோயிருந்தன. அப்பா தன் மோட்டார் சைக்கிளைத் துடைத்து, சாக்கால் மூடி, மாட்டுக்கொட்டில் ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டார். தாத்தாவின் பழைய ரலி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாண நகரம் ஏறக்குறைய இருபது மைல். இந்த வயதில் இது தேவையா என்று அம்மா வாசலில் நின்று முணுமுணுத்தார். அப்பா நிமிராமலே பதில் சொன்னார்: “பல்கலைக்கழகத் துணைவேந்தரே சைக்கிளில்தான் போகிறாராம். நான் போனால் என்ன குறைந்துவிடும்?”

பிறகு என் பக்கம் திரும்பி, “அவரும் ஹாட்லியில் படித்தவர்தான்” என்றார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நானும் ஹாட்லிக் கல்லூரி மாணவன். துணைவேந்தர் என்றால் என்ன வேலை செய்பவர் என்று தெரியாது. ஆனாலும் எங்கள் பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்த ஒருவர் அவ்வளவு பெரிய இடத்தில் இருந்துகொண்டு, எங்களைப் போலவே சைக்கிள் மிதிக்கிறார் என்ற செய்தி மனதில் ஒட்டிக்கொண்டது. பல ஆண்டுகளுக்கு அந்தப் பெயர் எனக்கு அந்தச் சைக்கிள் மட்டுமாகத்தான் இருந்தது.

இரண்டாம் முறை அந்தப் பெயரைச் சந்தித்தது பேராதனைப் பல்கலைக்கழகத்தில். இடம்பெயர்வு, உயர்தரப் பரீட்சை எல்லாம் கடந்து நான் பொறியியல் பீடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தொண்ணூறுகள் முடியப்போகின்றன. மண்பொறியியல் விரிவுரையில், களிமண்ணின் நடத்தையை விளக்கும் ஒரு கோட்பாட்டைக் கரும்பலகையில் எழுதி, மூல ஆய்வுக் கட்டுரையை நூலகத்தில் போய்ப் பாருங்கள் என்றார்கள். அன்று மத்தியானம் மழை. தடித்த நீல அட்டை போட்டுக் கட்டிய தொகுதிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். ‘ஜியோடெக்னிக்’ ஆய்விதழ், 1963, தொகுதி 13, பக்கம் 211. ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா. ஆங்கில எழுத்தில் இருந்த அந்த மூன்றாவது பெயரை வாய்விட்டு ஒரு முறை வாசித்தேன். அடுத்த மேசையில் இருந்த சிங்கள நண்பன் நிமிர்ந்து பார்த்து, “அவர் இங்கேதானே இருந்தார்” என்றான், நான் ஏதோ தெரியாத ஊர்க்காரன் என்பதுபோல.

சைக்கிளில் போன துணைவேந்தரும் இந்தக் கட்டுரையின் மூன்றாவது ஆசிரியரும் ஒரே ஆள் என்பதை அந்த நிமிடத்தில்தான் அறிந்தேன். ஊரில் எங்களுக்கு ஏன் யாரும் இதைச் சொல்லவில்லை என்று அன்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. இன்றும் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

அழகையா துரைராஜா 1934 நவம்பரில் பிறந்தவர். பருத்தித்துறையை உள்ளடக்கிய வடமராட்சிப் பகுதிக்காரர். ஹாட்லியிலிருந்து இலங்கைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பொறியியல் பீடம் அப்போது கொழும்பில் இருந்தது. 1950இல் தொடங்கிய பீடம், அதன் தொடக்க கால மாணவர்களில் இவரும் ஒருவர். பட்டம் பெற்றபின் கேம்பிரிட்ஜுக்குப் போய், கென்னத் ரோஸ்கோவின் ஆய்வுக் குழுவில் சேர்ந்தார். 1961இல் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டை முடித்தார். பொருள்: கயோலின் என்ற வெண்களியும் மணலும் நறுக்கு விசைக்கு, அதாவது ஒரு படையை இன்னொன்றின்மேல் வழுக்கச் செய்யும் விசைக்கு, உட்படும்போது எப்படி நடந்துகொள்கின்றன என்பது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். பொறியியல் படிக்காதவர்களும் பொறுமையாக வாசித்தால் விளங்கும்.

ஒரே களிமண்ணில் இரண்டு துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடித்த உருளை. குறுக்களவு 38 மில்லிமீற்றர், உயரம் 76. அதை மெல்லிய இறப்பர் உறைக்குள் போட்டு, மேலும் கீழும் இறப்பர் வளையத்தால் இறுக்கி, தண்ணீர் நிறைந்த ஒரு கண்ணாடிக் கலத்துக்குள் நிறுத்துவோம். சுற்றிலும் தண்ணீரின் அமுக்கம். மேலிருந்து ஒரு தண்டு மெல்ல மெல்ல அழுத்தும். முவ்வச்சுச் சோதனை என்று புத்தகத்தில் எழுதுவார்கள். ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் அது ‘ட்ரையாக்சியல்’தான்.

முதல் துண்டில், அடியில் உள்ள குழாயைத் திறந்து விடுகிறோம். அழுத்த அழுத்தக் களிமண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேறிக் கண்ணாடிக் குழாயில் துளித்துளியாக ஏறும். துண்டு சுருங்கும், இறுகும். இரண்டாவது துண்டில் குழாயை மூடிவிடுகிறோம். நீர் போக வழியில்லை, கனவளவு மாறாது. ஆனால் உள்ளே அடைபட்ட நீரின் அமுக்கம் ஏறிக்கொண்டே போகும், மண்துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளரும். இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே மண் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒன்று அழுத்த அழுத்த வலுக்கிறது. மற்றது கொஞ்சம் எதிர்த்துவிட்டுச் சோர்ந்துவிடுகிறது.

துரைராஜா இந்த இரண்டு வகைச் சோதனைகளிலும் செலவான சக்திக்குக் கணக்குப் பார்த்தார். தண்டு அழுத்தும்போது மண்ணுக்குள் நாம் கொடுக்கும் சக்தி எவ்வளவு? அழுத்தத்தை எடுத்தால் மீள்தன்மையால் திரும்பி வருவது எவ்வளவு? அதைக் கழித்தால், துகளோடு துகள் உராய்ந்து தொலைந்துபோனது எவ்வளவு? ஒவ்வொரு சிறு படிக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, வெளித் தோற்றத்தில் அவ்வளவு வேறுபட்ட இரண்டு சோதனைகளும் ஒரே விடையைத் தந்தன. தொலையும் சக்தி, துகள்களிடையே உள்ள சராசரி அமுக்கத்தையும் நறுக்கல் விகாரத்தையும் (வடிவம் சிதைந்த அளவையும்) ஒரு மாறிலியால் பெருக்கிய அளவு. அவ்வளவுதான். நீர் வெளியேறியதா இல்லையா, கனவளவு சுருங்கியதா இல்லையா என்பது அந்தச் சமன்பாட்டுக்குள் வரவே இல்லை. மாறிலிக்கு ‘எம்’ என்று பெயர். கயோலினுக்கு அது ஏறத்தாழ 1.02.

சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் அதுவரை களிமண்ணைப் பற்றிய அறிவு, வகைவகையான சோதனைகளுக்கு வகைவகையான விதிகள் என்று சிதறிக் கிடந்தது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, மண் எந்தக் கட்டத்தில் மீளாமல் இணங்கத் தொடங்கும் என்ற வளைகோட்டைக் கணிதத்தால் வரைய முடிந்தது. ஸ்கோஃபீல்டும் ரோத்தும் 1968இல் அதைப் புத்தகமாக விரித்து எழுதினார்கள். கேம்பிரிட்ஜ் வழியாக ஓடும் கேம் நதியின் பெயரால் ‘கேம் களி’ என்ற பெயர் நிலைத்தது. அதே ஆண்டில் ரோஸ்கோவும் பேர்லண்டும் அதைத் திருத்திய வடிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். இன்று உலகின் எந்த மூலையிலும் மென்களியின் மேல் ஒரு நெடுஞ்சாலையோ எண்ணெய்த் தாங்கியோ கட்டுகிறவர் பாவிக்கும் கணினி மென்பொருளுக்குள் அந்தக் கணித மாதிரியோ அதன் பிள்ளையோ பேரனோ இருக்கும்.

கோட்பாடு முழுவதும் துரைராஜாவுடையது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது அவருக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது. ரோஸ்கோ பல ஆண்டுகளாகக் கட்டி எழுப்பிய ஆய்வுகூடம் அது. சக்திக் கணக்கிலிருந்து வளைகோட்டைப் பெற்றதில் ஸ்கோஃபீல்டின் கை பெரியது. ஆனால் அந்தக் கட்டடத்தின் அத்திவாரக் கல் ஒன்று இருபத்தாறு, இருபத்தேழு வயது வடமராட்சி இளைஞர் ஒருவர் அளந்து எடுத்துக் கொடுத்தது. ஸ்கோஃபீல்ட் தன் முதுமைவரை இதை மறக்கவில்லை. கேம் களியின் பிறப்பைப் பற்றி எழுதும்போதெல்லாம் துரைராஜாவின் பெயரைச் சொல்லியே எழுதினார்.

இறுதி ஆண்டுச் செயற்றிட்டத்துக்கு நானும் அந்தக் கணக்கைச் செய்து பார்த்தேன். மேற்பார்வையாளர் கேட்டது வேறொன்று. இதை என் ஆசைக்குச் செய்தேன். களிமண் உருளையை இழைவாளால் சீவும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினால் ஓரம் உடைந்துவிடும். இறப்பர் உறையைப் போடும்போது உள்ளே ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் மூன்று நாள் வேலை வீண். குழாயைத் திறந்து விட்டுச் செய்யும் சோதனையில் தண்டு நகர்வது கண்ணுக்கே தெரியாது. நீர் வடிய நேரம் கொடுக்காவிட்டால் அளவு பொய்யாகிவிடும். இரவு பத்து மணிக்கு ஒரு வாசிப்பு, விடிய ஐந்து மணிக்கு ஒரு வாசிப்பு. அக்பர் பாலத்தில் மகாவலியின் இரைச்சலைக் கேட்டபடி, டோர்ச் வெளிச்சத்தில் விடுதிக்கும் ஆய்வுகூடத்துக்கும் நடந்தேன். எங்கள் மண்ணுக்கு ‘எம்’ 1.1ஐச் சுற்றி வந்தது. வடிய விட்டதிலும் விடாததிலும் புள்ளிகள் ஒரே கோட்டை ஒட்டி விழுந்தன. அந்த வரைபடத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

எங்களுக்குக் கணினி இருந்தது. அவர் தன் ஆய்வைச் செய்த காலத்தில் சுட்டுமானியின் முள்ளைக் கண்ணால் பார்த்துக் கையால் கொப்பியில் எழுத வேண்டும். ஒரு சோதனைக்கு எத்தனை வாசிப்பு, ஒவ்வொரு வாசிப்புக்கும் எத்தனை பெருக்கல், எத்தனை கழித்தல் என்று அந்த இரவுகளில் நான் எண்ணிப் பார்த்ததுண்டு. அவரைப் பற்றிய என் மதிப்பு சமன்பாட்டினால் வந்ததைவிட அந்தக் கொப்பிகளை நினைத்து வந்ததுதான் அதிகம்.

அவர் இலங்கைக்குத் திரும்பி வந்தார். எனக்கு இதுதான் அவர் வாழ்க்கையின் பெரிய செய்தி. அந்தக் கட்டுரை வெளிவந்த காலத்தில் மண்பொறியியலில் உலகமே கேம்பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பெயரோடு அவர் எந்த நாட்டுக்கும் போயிருக்கலாம். பொறியியல் பீடம் 1964இல் கொழும்பிலிருந்து பேராதனைக்கு மாறியது. அதன் முதற் பீடாதிபதி பேராசிரியர் ஈ. ஓ. ஈ. பெரேரா மகாவலிக் கரையில் அதை உருவாக்கிய ஆண்டுகள் அவை. துரைராஜா அங்கே ஆசிரியராகி, பேராசிரியராகி, இருமுறை பீடாதிபதியாகவும் இருந்தார். இரண்டாவது முறை 1980களின் முற்பகுதி. 1983 மே மாதத்தில் பேராதனை வளாகத்துக்குள்ளேயே தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக மூண்ட கலவரத்தில் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு தமிழ்ப் பொறியியலாளர்கள் எத்தனை பேர் கப்பலும் விமானமும் ஏறினார்கள் என்பது நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். என் இரண்டு மாமாக்களும் போனவர்கள்தான்.

அவர் போகவில்லை. சில காலம் திறந்த பல்கலைக்கழகத்தில் பொறியியல் தொழில்நுட்பப் பீடத்துக்குப் பீடாதிபதியாக இருந்துவிட்டு, 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். பேராசிரியர் வித்தியானந்தனுக்குப் பிறகு அந்தக் கதிரையில் இருந்தவர் அவர்.

அந்த ஆண்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1987 ஒக்டோபரில் இந்தியப் படை ஹெலிகொப்டரில் இறங்கியது அந்தப் பல்கலைக்கழக மைதானத்தில்தான். அவர் பதவி ஏற்றபோது ஊர் இந்தியப் படையின் கையில் இருந்தது. 1989 செப்டெம்பர் 21இல் மருத்துவ பீட உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம வீட்டுக்குச் சைக்கிளில் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 மார்ச்சில் இந்தியப் படை போனது. ஜூனில் மறுபடி போர். பதவியில் அவருக்கு ஒரு முழு அமைதியான ஆண்டுகூடக் கிடைக்கவில்லை.

அப்போது தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் ஒன்று இருந்தது. பெற்றோல், பற்றரி, பசளை, சிமெந்து. குடிசார் பொறியியல் பேராசிரியர் தலைமை தாங்கும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மூட்டை சிமெந்து வராது. இடிந்த சுவரைக் கட்ட வழியில்லை. மின்சாரம் இல்லாமல் ஆய்வுகூடம் நடத்த வேண்டும். விஞ்ஞான பீட மாணவரும் மருத்துவ பீட மாணவரும் இரவில் என்ன வெளிச்சத்தில் படித்தார்கள் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். எங்கள் வீட்டிலும் அதே விளக்குதான். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் டியூபின் வால்வுக்குள்ளால் ஒரு நூல்திரி. திரி நுனியில் நெல்மணி அளவு சுடர். அண்ணா அதன் முன்னே குனிந்திருந்து உயர்தரத்துக்குப் படிப்பான். புருவ மயிர் கருகிவிடும்.

அந்த வெளிச்சத்தில் படித்தவர்களுக்குப் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. வினாத்தாள் அச்சடிக்கத் தாள் வேண்டும். கொழும்பில் கூட்டத்துக்குப் போக வேண்டும், நிதி கேட்க வேண்டும். குடாநாட்டின் தரைவழியான ஆனையிறவு மூடிக் கிடந்தது. 1992க்குப் பிறகு குடாநாட்டை விட்டு வெளியே போகிற எவருக்கும் கிளாலிக் கடனீரேரிதான் வழி. இரவில் விளக்கில்லாத வள்ளத்தில், தண்ணீரில் வேட்டுச் சத்தம் கேட்டால் குனிந்து படுத்துக்கொண்டு போகும் பயணம். 1993 ஜனவரியில் அந்த நீரில் செத்தவர்களை ஊர் மறக்கவில்லை. இப்படிப்பட்ட ஆண்டுகளிலும் பல்கலைக்கழகம் மூடிவிடாமல் நடந்தது. பட்டங்கள் பிந்தின, ஒரு வகுப்பின் தலையில் இன்னொரு வகுப்பு ஏறியது. ஆனாலும் நடந்தது. விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். போர் மூண்ட ஆண்டில் ஒரு புதிய பீடம்.

1990க்குப் பிறகு அவர் மண்பொறியியலில் என்ன எழுதியிருக்கலாம் என்று பேராதனையில் நண்பர்கள் பெருமூச்சோடு பேசியதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெருமூச்சு எனக்கு விளங்குகிறது, ஆனால் அதில் நான் சேரமாட்டேன். என் அண்ணா அந்த விளக்கில் படித்து அந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவன். துணைவேந்தர் கேம்பிரிட்ஜிலோ கனடாவிலோ ஆய்வு செய்துகொண்டிருந்திருந்தால் அவன் பட்டம் எப்படி வந்திருக்கும் என்று நான் அவர்களைக் கேட்பேன்.

துரைராஜா 1994 ஜூன் 11இல் புற்றுநோயால் இறந்தார். அறுபது வயது நிறையவில்லை. கடைசிவரை துணைவேந்தர். அந்தச் செய்தி வந்த நாளில் அப்பா சைக்கிளைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்திவிட்டு, காலைக் கழுவாமலே திண்ணையில் இருந்தார். அவர் துரைராஜாவுடன் ஒரு வார்த்தை பேசியவர் இல்லை.

இப்போது நான் கொழும்புக்கு வெளியே சதுப்பு நிலங்களில் வேலை செய்கிறேன். உக்கிய தாவரங்களாலான கறுத்த பீட் மண், அதன் கீழே சாம்பல் நிற மென்களி. 2013இல் திறந்த கட்டுநாயக்க நெடுஞ்சாலையின் பெரும் பகுதியும் இந்த வகை நிலத்தில்தான் நிற்கிறது. மேலே மண் ஏற்றினால் எவ்வளவு தாழும், எத்தனை மாதத்தில் தாழும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் என் பிழைப்பு. சென்ற மாதம் எங்கள் குழுவில் ஒரு புதிய பொறியியலாளர் சேர்ந்தார். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படித்த பெண். அங்கே ஒரு பொறியியல் பீடம் என்பது எங்கள் ஊருக்கு எவ்வளவு நெடுநாள் கனவு என்று அவருக்குத் தெரியும். போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னரே அது கைகூடியது.

களத்துக் கொட்டகையில் மடிக்கணினியில் அவர் அளவுகளைப் பதிந்துகொண்டிருந்தார். ‘எம்’ என்ற கட்டத்தில் எண்ணை இட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகும்போது நிறுத்தினேன். இந்த எழுத்து எங்கிருந்து வந்தது தெரியுமா என்றேன். ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட் என்று தொடங்கி மூன்றாவது பெயரில் தயங்கினார்.

“துரைராஜா... எங்கள் துணைவேந்தராக இருந்தவரா, அண்ணா?”

“அவரேதான்.”

அவர் கணினியை மடித்து வைத்தார். வெளியே துளையிடும் இயந்திரம் ஓய்ந்திருந்தது. பத்து மீற்றர் ஆழத்திலிருந்து எடுத்த குழாயை இருவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாதிரி காய்ந்துபோகாமல் இரு முனையையும் மெழுகால் அடைக்க வேண்டும். அவர் மெழுகு உருக்கும் சட்டியை அடுப்பில் ஏற்றினார். சைக்கிள் கதை உண்மையா என்று அவர் கேட்க, நான் அப்பாவின் ரலியிலிருந்து தொடங்கினேன்.